பம்பர் துருவுக்கு பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம்! ஃபாயிலும் மழைத்தண்ணீரும் போதும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு என் மார்க் 4 அம்பாசடர் காரின் பின் பம்பரைக் கழற்றும் வீடியோதான் வந்திருக்க வேண்டும். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். காரணம் என் கையில் இருக்கும் இந்த வீல் கப், சக்கரத்தின் நடுவில் மாட்டும் குரோம் மூடி. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். இரணியலில் இருந்து ஓர் அண்ணன் நேற்று கொண்டுவந்து கொடுத்தார். அவரும் மார்க் 4 அம்பாசடர்தான் வைத்திருக்கிறார். ஒரு ஒர்க்ஷாப்பில் துரு எடுத்துத் தருகிறோம் என்று வாங்கி, நான்கு வீல் கப்பையும் பாத்ரூம் ஆசிட்டில் முக்கியிருக்கிறார்கள். துரு போய்விட்டது, உண்மைதான். கூடவே குரோமும் போய்விட்டது!

இந்த மஞ்சள் தெரிகிறதா? அழுக்கு இல்லை, கறையும் இல்லை. அடியில் இருக்கும் நிக்கல் வெளியே வந்துவிட்டது. குரோம் என்றால் லேசான நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். நிக்கல் கொஞ்சம் மஞ்சளாக அடிக்கும். முன்பக்கம் முழுக்க மஞ்சள், ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று நீல வெள்ளை மிச்சம். அந்த அண்ணன் பத்திரமாகப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காலத்து கம்பெனி பிளேட்டிங், அதாவது உலோகப் பூச்சு, இனி திரும்ப வராது.

பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளேட்டிங் பட்டறைகளில் பழைய குரோமை வேண்டுமென்றே உரித்தெடுக்கப் பயன்படுத்துவதே இந்த அமிலத்தைத்தான். அதைக் கொண்டு குரோமைச் சுத்தம் செய்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? இன்னொன்று, அதன் புகை இருக்கிறதே, பாட்டிலைத் திறந்து வைத்தாலே போதும், ஷெட்டில் இருக்கும் ஸ்பேனர், ரம்பம் எல்லாம் துருப்பிடித்துவிடும். என் ஷெட்டுக்குள் அந்த பாட்டிலை நான் விடுவதே இல்லை. பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, கோபம் போதும், வேலைக்கு வருவோம். குரோம் துருப்பிடிக்காது. இதை முதலில் மனதில் வையுங்கள். பம்பர் என்பது இரும்புத் தகடு. அதன் மேல் நிக்கல் ஒரு பத்து, இருபது மைக்ரான். அதற்கும் மேல் குரோம், ஒரு மைக்ரான்கூடக் கிடையாது. நம் தலைமுடியே எழுபது மைக்ரான் பக்கம் வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். உப்பும் ஈரமும் அது வழியாக இறங்கி இரும்பைப் பிடிக்கும். அந்தத் துரு மேலே பொங்கி வந்து படிவதைத்தான் நாம் பம்பரில் பழுப்புப் புள்ளியாகப் பார்க்கிறோம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உப்புக்குக் கேட்கவா வேண்டும்? முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் வீடு இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம், வாசலில் நிறுத்தினாலே துரு வரும். ஜூனில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கண்ணாடியில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்குக் கடல் உப்பு குறைவு, மழை அதிகம். நமக்கு இரண்டு பருவமழை வேறு. அதனால்தான் வட இந்தியாவில் வறண்ட ஊரில் கிடந்த அம்பாசடரின் பம்பர் பளபளவென்று இருக்கிறது, நம் ஊர் வண்டி இப்படி இருக்கிறது. வண்டிக்காரன் பராமரிக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது நான் செய்யும் முறை. அலுமினியம் ஃபாயில், தண்ணீர். அவ்வளவுதான். சப்பாத்தி சுற்றுகிற அதே ஃபாயில்.

இந்த ஃபாயில் விலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 9 மீட்டர் ரோல் 108 ரூபாய். மீட்டருக்கு 12 ரூபாய் வருகிறது. அதுவும் எப்படி இருக்கிறது? கையில் கசக்கினாலே கிழிகிறது, அட்டைப்பெட்டிதான் கனம்! அப்புறம் கோட்டாறு பஜாருக்குப் போனேன். அங்கே சமையல் காண்ட்ராக்ட்காரர்கள் வாங்கும் பெரிய ரோல் இருக்கிறது, 72 மீட்டர். கடைக்காரர் 450 சொன்னார். பேசி 430க்கு வாங்கினேன். மீட்டர் 6 ரூபாய்க்கும் குறைவு, பாதி விலை! கனமும் நன்றாக இருக்கிறது, கசக்கினால் உருண்டையாக நிற்கிறது. முன் பம்பர் முழுவதற்கும் 2 மீட்டர்கூட ஆகவில்லை. அதாவது 12 ரூபாய்க்குள் ஒரு பம்பர். இதே பம்பரைப் புதிதாகக் குரோம் போட எனக்குச் சொன்ன விலை 7,500. பிளேட்டிங் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த வேலைக்கு அந்தக் கூலி நியாயம்தான். ஆனால் 12 ரூபாயில் முடிகிற இடத்தில் 7,500 எதற்கு? மிச்சம் 70 மீட்டர் இருக்கிறது, வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அவர்களுக்கும் சந்தோஷம்.

பிரியாணி பார்சல் ஃபாயிலைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். எண்ணெய் முழுசாகப் போனால் பயன்படுத்தலாம். எனக்குப் பிடிக்காது. எண்ணெய் இருந்தால் வழுக்கும், பிடிப்பு வராது.

முதலில் பம்பரைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேங்காய்த் தும்பால் கழுவிவிடுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது எதை வைத்துத் தேய்த்தாலும் அந்த மண்தான் கீறும். பிறகு உள்ளங்கை அளவு ஃபாயிலைக் கிழித்து, லேசாகக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அழுத்த வேண்டாம். பாருங்கள், ஹெட்லைட் ரிங்கில் செய்து காட்டுகிறேன். முதலில் சொரசொரவென்று சத்தம் வருகிறதா? அது துருவின் மேல் ஓடுகிறது. தண்ணீர் பழுப்பாக மாறுகிறது. ஒரு நிமிடத்தில் அந்தப் பழுப்பு கருஞ்சாம்பல் சேறாக ஆகிவிட்டது. ஃபாயிலின் மடிப்பெல்லாம் கறுத்துவிட்டது. இப்போது சத்தத்தைக் கேளுங்கள், மாறிவிட்டது, வழுக்கிக்கொண்டு போகிறது. துரு போனதற்கு அதுதான் அடையாளம், கண்ணை விடக் காது முதலில் சொல்லிவிடும். துணியால் துடைக்கிறேன். ஆகா! என் முகம் தெரிகிறது, பின்னால் தென்னை மரம் தெரிகிறது! இந்த நிமிடத்துக்காகத்தான் மக்களே நான் இந்த வேலையையே செய்கிறேன்.

இது எப்படி நடக்கிறது? குரோம் மிகக் கடினமான உலோகம், அலுமினியம் மிருது. அதனால் ஃபாயில் குரோமைக் கீறாது, தான் தேய்ந்துபோகும். அலுமினியம் இரும்பை விட வேகமாக ஆக்சிஜனோடு சேரும். தேயும்போது உண்டாகும் நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் பொடி வேலையையும் பார்த்துவிடுகிறது. அந்தக் கருஞ்சேற்றைச் சீக்கிரம் கழுவிவிடாதீர்கள், அதை வைத்தே தேயுங்கள்.

ஃபாயிலோடு கோலா ஊற்றச் சொல்கிற வீடியோக்கள் ஏராளம். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, துருவைக் கொஞ்சம் இளக்கும், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரைப் பிசுக்கு, எறும்பு, அதைக் கழுவ இன்னொரு வேலை. பச்சைத் தண்ணீரிலேயே வருகிற வேலைக்கு எதற்கு அது? எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது, மேலேயே சொல்லியிருக்க வேண்டும். போர் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலும் கடலோரத்து போர் தண்ணீர். உப்பை எடுக்கிறேன் என்று உப்பையே ஊற்றுகிற கதைதான். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். ஓட்டு இறவாணத்தில் வாளி வைத்து மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன், கடைசிக் கழுவல் அதில்தான்.

இன்னொன்றும் விட்டுப்போனது, காந்தம்! எதையும் தொடுவதற்கு முன் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பம்பர், வீல் கப் என்றால் ஒட்டும், அடியில் இரும்பு. கதவுக் கைப்பிடி போன்ற சாமான்களில் ஒட்டாமல் போகலாம். அது பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு, மெக்கானிக்குகள் மசாக் என்பார்கள். அதில் பழுப்புத் துரு வராது. வெள்ளைப் பொடி பூத்து, கொப்புளம் கொப்புளமாக இருக்கும். அதை வினிகரிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்தால் அமிலம் துத்தநாகத்தைத் தின்றுவிடும். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வினிகர் எனக்குப் பிடிக்கும், அதற்குரிய இடத்தில். பம்பர் போல்ட், நட், வாஷர், பின்பக்கக் கிளாம்ப், இப்படிக் குரோம் இல்லாத இரும்புச் சாமானுக்கு வினிகர் அருமை. கடையில் கிடைக்கும் சமையல் வினிகரில் ராத்திரி போட்டு வையுங்கள், காலையில் தும்பால் தேய்த்தால் துரு கழன்று வரும். எடுத்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்குங்கள், மிச்ச அமிலம் அடங்கும். உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவுங்கள். அரை மணி நேரம் விட்டால்கூட நம் ஊர்க் காற்றில் மறுபடி சிவந்துவிடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துவிடும்.

குத்துவிளக்குக்குப் புளி போடுகிறோமே, பம்பருக்குப் போடலாமா? புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, துருவை இளக்கத்தான் செய்யும். மீன்குழம்புக் குடம்புளியிலும் அமிலம் உண்டு. சின்ன இடத்தில் தடவி, கொஞ்ச நேரத்தில் கழுவினால் தப்பில்லை. ஆனால் மணிக்கணக்கில் அப்பி வைக்கக் கூடாது, ஓட்டை வழியாக இறங்கி அடியில் இருக்கும் இரும்பை அரிக்கும். உப்பும் புளியும் சேர்த்துத் தேய்ப்பது பித்தளைக்கு மட்டும். உப்பு குரோம் பக்கமே வரக் கூடாது. அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அதில் மணல் இருக்கும். உப்புத்தாள் எடுத்துக்கொண்டு யாராவது உங்கள் பம்பர் பக்கம் வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்! அந்தக் கீறல் எந்தப் பாலிஷுக்கும் போகாது.

இதோ இந்த வலது மூலையைப் பாருங்கள். இங்கே ஃபாயிலால் எதுவும் ஆகாது. குரோம் தோல் உரிந்து நிற்கிறது, ஓரம் பிளேடு மாதிரி கூர்மை. கையுறை போட்டுக்கொண்டுதான் இந்தப் பக்கம் தொடுகிறேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் உரியும். பக்கத்தில் கறுப்பாகக் குழிகள் இருக்கின்றன அல்லவா, துரு போன பிறகும் குழி குழிதான், வீட்டுச் சாமானால் குழியை மூட முடியாது. இந்தப் பாகத்தைப் பிளேட்டிங்குக்குத்தான் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே குரோம் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரோமிக் அமிலம் சம்பந்தப்பட்ட வேலை, புற்றுநோய் வரவைக்கிற பொருள்.

சுத்தம் செய்துவிட்டு அப்படியே விட்டால் அடுத்த மழைக்கே புள்ளி வரும். ஓட்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன. நன்றாகக் காயவைத்து கார் வேக்ஸ் போடுங்கள். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய். அவசரத்துக்கு அதுவும் சரி, ஆனால் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். வேக்ஸ்தான் என் ஓட்டு. பம்பரின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை, அங்கே பிளேட்டிங் மெலிசு, துரு தொடங்குவதே அங்கேதான். துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்பாசடர் தயாரிப்பு 2014லேயே நின்றுவிட்டது. மார்க் 4 அதற்கும் முந்தைய வண்டி. இனி கம்பெனியில் இருந்து புது பம்பர் வராது, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். அந்த இரணியல் அண்ணனுக்கு நான்கு வீல் கப் வேண்டும் மக்களே. மார்த்தாண்டம், தக்கலை பக்கம் பழைய சாமான் கடையில் மார்க் 4 வீல் கப் கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, குரோம் இருந்தால் போதும், ஃபாயில் என்னிடம் இருக்கிறது. பின் பம்பர் அடுத்த வாரம். அதில் இரண்டு போல்ட் இறுகிப்போய் அசையவே மாட்டேன் என்கிறது, அதற்கு இன்றைக்கே டீசல் ஊற்றி வைக்கப் போகிறேன்.