நடுராத்திரி 12.07-க்கு வந்த மரம்

[திரையில்: தாமிரபரணிக் கரை மருதமரங்கள், இருட்டும் நேரம்]

நம்ம திருநெல்வேலிப் பக்கம் துட்டி வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். "ஆஸ்பத்திரியிலதான் இருக்கா, வந்துருவாலே" என்போம். என் ஆச்சி இறந்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. 'எ மான்ஸ்டர் கால்ஸ்' கதையில் வரும் சிறுவன் கானருக்கும் தெரியும்.

பேட்ரிக் நெஸ்ஸின் இந்த நாவல் 2011-ல் வந்தது. கரு, 2007-ல் புற்றுநோயால் இறந்த ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. 2016-ல் ஜே.ஏ. பயோனா படமாக்கினார். திரைக்கதையையும் நெஸ்தான் எழுதினார்.

கானரின் அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் யூ என்ற ஊசியிலை மரம் ஒன்று. இரவு 12.07-க்கு அது எழுந்து ஜன்னலுக்கு வருகிறது. சுடுகாட்டில் நிற்கும் நம்ம சுடலைமாடன் மாதிரி. பார்த்தால் குலை நடுங்கும், நிற்பதோ காவலுக்கு. மூன்று கதைகள் சொல்லிவிட்டு, நாலாவதை நீ சொல் என்கிறது.

[திரையில்: உடைந்த சுவர்க்கடிகாரம்]

கானர் தன் ஆச்சி வீட்டுக் கூடத்தை அடித்து நொறுக்குகிறான். நம் வீடாக இருந்தால் முதுகு பழுத்திருக்கும். நாவலில் அந்த ஆச்சி ஓலமிட்டு, மிச்சம் நின்ற அலமாரியைத் தானே இழுத்துத் தள்ளுகிறாள். "தண்டிக்க மாட்டீங்களா?" என்று அப்பாவிடம் கேட்கிறான். அதனால் என்ன ஆகப்போகிறது என்கிறார் அவர். பையன் அடியைத் தேடித்தான் அலைகிறான்.

ஏன்? அதுதான் நாலாவது கதை. கனவில் அம்மா பள்ளத்தில் விழப்போகிறாள், இவன் கையைப் பிடித்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கலாம். விட்டுவிட்டான். எல்லாம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டான். மரம் அவனைத் திட்டவில்லை. வலி தீர வேண்டும் என்றுதானே நினைத்தாய் என்று சொல்லி, பக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான்.

மரத்தின் கதைகளைப் படம் நீர்வண்ண ஓவியங்களாக ஓடவிடுகிறது; அவ்வளவு அழகு. அம்மா வரைந்த ஓவியப் புத்தகமும் படத்தில் புதிதாக வருகிறது. அது நல்ல சேர்க்கை. ஆனால் தோழி லில்லியைப் படம் விட்டுவிட்டது. நாவலில் அவள் சிலரிடம் சொன்னதால்தான் பள்ளி முழுக்க அம்மாவின் நோய் விஷயம் பரவி, எல்லாரும் பரிதாபத்தோடு ஒதுங்கிப் போகிறார்கள். அப்புறம் அவளே வகுப்பில் ஒரு சீட்டு அனுப்புகிறாள். மன்னித்துக்கொள், நீ நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, கடைசியில் "நான் உன்னைப் பார்க்கிறேன்" என்று எழுதி, அதன் கீழே கோடு கோடாகப் போட்டிருக்கிறாள்.