ஒரு மீட்டர் குச்சியும் இரண்டு பள்ளிகளும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தலைத் தொழில்நுட்பத்தின் துணையோடு எப்படி மேம்படுத்துவது என்று பேச்செடுத்தாலே, எத்தனை கணினிகள், எத்தனை திரைகள், இணையத்தின் வேகம் என்ன என்ற கணக்கிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. பாடப்புத்தகத்துப் படம் திரையில் அசையும்போது மாணவர் ஆர்வமாகத்தான் பார்க்கிறார். ஆனால் பார்த்து முடித்த பிறகு அவர் மனத்தில் தங்குவது பெரும்பாலும் அந்த அசைவு மட்டுமே. நான் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருவது, ஒரு வட்டாரத்தின் பள்ளிகள் அனைத்தும் ஒரே நாளில் ஒரே அளவீட்டைச் செய்து, அந்த எண்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். வெட்டவெளியில் ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்றை நட்டு, அதன் நிழல் மிகவும் குறுகியிருக்கும் நேரத்தில் நீளத்தை அளக்க வேண்டும். அதுவே அந்த இடத்தின் நண்பகல், கடிகாரத்தில் சரியாக 12 மணியாக அது அமைவது அரிது. நிழல் 57.7 சென்டிமீட்டர் என்றால் சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை விலகி இருக்கிறது. அதே நாளில் வேறொரு பள்ளி 60.1 சென்டிமீட்டர் அளந்தால், அங்கே விலகல் 31 பாகை. இந்த ஒரு பாகைக்கு, இரு பள்ளிகளுக்கும் இடையிலான வடக்கு தெற்குத் தொலைவு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். முழு வட்டத்துக்கு 360 பாகை என்பதால், அதை 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, சுமார் 40,000 கிலோமீட்டர், மாணவரின் நோட்டுப்புத்தகத்திலேயே வந்து நிற்கும். இயேசு பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் கையாண்ட வழிதான் இது. தனியொரு பள்ளியால் இதைச் செய்து முடிக்க இயலாது என்பதைக் கவனியுங்கள். இன்னொரு பள்ளியின் எண் வந்து சேர்ந்தால்தான் கணக்கு முடியும். அந்த எண்ணைக் கொண்டுவருவது ஒரு கைப்பேசி.

ஒருமுறை இப்படிப் பகிரப்பட்ட அட்டவணையில் ஒரு பள்ளியின் அளவு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றது. ஆசிரியர் அதை அழித்துவிட முனைந்தபோது, மறுமுனையில் இருந்த ஒரு மாணவி, "உங்கள் குச்சி நேராக நிற்கிறதா, பார்த்தீர்களா?" என்று கேட்டாள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். குச்சியின் உச்சி 2 சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது. நிழலின் நுனியும் ஏறக்குறைய அதே அளவு நகர்ந்துவிடும் அல்லவா? நாம் தேடும் வேறுபாடே 2.4 சென்டிமீட்டர்தான். அளவீட்டுப் பிழை என்ற பாடம் நான் அறிந்தவரை அதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நடந்ததில்லை. இங்கே நான் மீண்டும் சொல்ல விரும்புவது, அந்தக் கேள்வி எழுந்தது இன்னொரு பள்ளியின் எண்கள் கண்முன் இருந்ததால்தான்.

திரைக்கும் வேலை உண்டு, ஆனால் அது வரவேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டர் நூலில் கட்டிய குண்டு ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். நூலைக் கால் பங்காகக் குறைத்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் விடையை எழுதச் சொல்லுங்கள். அரை விநாடி என்று எழுதுபவர்கள் பலர்; செய்து பார்த்தால் 1 விநாடி வரும். அந்த வியப்பு அடங்குவதற்குள் சோதனையைத் திரையில் போலச் செய்து காட்டும் கணினிப் பாவனையைத் திறந்து, அதே ஊசலை நிலவில் ஆட்டிக் காட்டலாம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் பாவனைகளை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே இயக்கலாம். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் பள்ளிகளுக்கு இது பெரிய உதவி. ஆனாலும் முதலில் ஊகம், அடுத்து கையால் சோதனை, அதன் பிறகே திரை என்ற வரிசை மாறக் கூடாது.

ஆசிரியர்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. பல பள்ளிகளில் இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர்தான் இருப்பார். ஐயம் எழுந்தால் கலந்துபேசப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரே பாடத்தை நடத்தும் வட்டாரத்து ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை காணொலி வழியே கூடி, வகுப்பில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பேசிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைப் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும்.

செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அன்று நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து விலகியிருக்கும் கோணமே அந்த இடத்தின் அட்சரேகை என்பதால், முதல் கூட்டு அளவீட்டை அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். குச்சியோடு நூலையும் கல்லையும் எடுத்துச்செல்ல மறக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.