காயம்பட்ட மான் கண்ணில் இருந்து மறைந்துவிட்டால்: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் போகிறேன். அவசரமான கேள்வி என்பதால் மற்றவற்றை அடுத்த பதிவுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

நேயர் எழுதியிருப்பது இது: "நேற்று மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு மானைச் சுட்டேன். குண்டு பட்டதும் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, பிறகு புதருக்குள் போய்விட்டது. உடனே பின்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் படுத்திருந்தது எழுந்து ஓடியது. அதற்குப் பிறகு இரத்தமே இல்லை. இருட்டும்வரை தேடிவிட்டுத் திரும்பினேன். எங்கே தவறினேன்? இனித் தேடிப் பயன் உண்டா?"

பயன் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே தவறு நடந்தது என்பதும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "முதுகை வளைத்துக்கொண்டு நின்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். குண்டு வயிற்றுப் பகுதியில் பட்டால்தான் மான் பெரும்பாலும் அப்படி நிற்கும். வாலை இடுக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, தளர்ந்த நடையில் போகும். இதயத்தில் பட்டால் துள்ளிப் பின்னங்கால்களை உதைத்துவிட்டுத் தலைதெறிக்க ஓடும். நுரையீரலில் பட்டாலும் பாய்ந்து ஓடும், ஆனால் பெரும்பாலும் 150 மீட்டருக்குள் விழுந்துவிடும். சுட்டவுடன் அதே இடத்தில் பொத்தென்று விழும் மானிடமும் கவனம் வேண்டும். முதுகெலும்புக்கு மேலே உரசிச் சென்ற குண்டு, மானைச் சில நொடிகள் கீழே தள்ளிவிடும். துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு நாம் இறங்கி நடப்பதற்குள் அது எழுந்து போய்விடும். அதனால் சுட்ட உடனே மறுதோட்டாவை ஏற்றிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். கிளை முறியும் ஓசையும் விழும் ஓசையும் எந்தத் திசையில் நின்றன என்பது பிறகு பெரிய உதவி.

வயிற்றில் அடிபட்ட மானைத் தொந்தரவு செய்யாமல் விட்டால், பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடர்ந்த இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். படுத்த இடத்திலேயே உயிர் போகும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். 8 முதல் 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் அனுபவசாலிகள் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதற்குள் நாம் போய் எழுப்பிவிட்டால், பயத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட ஓடும். இரத்தமும் நின்றுவிடும், ஏனென்றால் குடலும் கொழுப்பும் குண்டு துளைத்த வாயை அடைத்துவிடுகின்றன. உங்களுக்கு நேர்ந்தது இதுதான். மான் எழுந்து ஓடிய அந்த நொடியில், ஓசைப்படாமல் பின்வாங்கி வந்திருக்க வேண்டும்.

காத்திருப்பது கொடுமை இல்லையா, ஓர் உயிர் வலியில் துடிக்கும்போது சும்மா உட்காரலாமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு எனக்கும் உட்காரப் பிடிக்காது. ஆனால் துரத்தப்படும் மான் சீக்கிரம் சாவதில்லை. நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய், அதே வலியோடு, தனியாகச் சாகிறது. மானின் மேல் உள்ள இரக்கம்தான் நம்மை உட்கார வைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் உட்காருவது என்பதை இரத்தம் சொல்லும். மான் நின்ற இடத்துக்கு மெதுவாகப் போய்ப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, சிறு குமிழ்களோடு நுரைத்திருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் போதும். கறுத்த சிவப்பாக, கெட்டியாக இருந்தால் கல்லீரல். நான்கு மணி நேரமாவது விட வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து, அரைபட்ட புல்லும் நாற்றமும் இருந்தால் குடல் அல்லது இரைப்பை. அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். பளிச்சென்ற சிவப்பில் முதலில் நிறைய விழுந்து, போகப் போகக் குறைந்து சொட்டுச் சொட்டாக மாறினால் பெரும்பாலும் தசைக் காயம். அந்த மான் பிழைத்துக்கொள்ளவும் கூடும். முடி கொட்டிக் கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். வெள்ளை முடி என்றால் குண்டு வயிற்றின் அடிப்பக்கம் பட்டிருக்கலாம்.

இரத்தமே இல்லை என்றால் குறி தப்பியது என்று முடிவு கட்ட வேண்டாம். மரத்தின் மேலிருந்து சுடும்போது குண்டோ அம்போ மேல் விலாவில் நுழைந்து வெளியே வராமல் நின்றுவிட்டால், இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும். தரையில் முதல் சொட்டு விழுவதற்குள் மான் வெகுதூரம் போயிருக்கும்.

தேடும்போது தடத்தின் மேல் நடக்காதீர்கள், தடத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நடங்கள். கண்ணைத் தரையில் மட்டும் வைத்திருப்பது பலர் செய்வது. மானின் விலா உயரத்தில் இருக்கும் புல் தாள்களையும் இலைகளையும் பாருங்கள். ஒரு தாளின் ஒரே பக்கத்தில் பூசியதுபோல் கறை இருக்கும்; அந்தப் பக்கமாகத்தான் மான் உரசிப் போயிருக்கிறது. வழியின் இரு பக்கத்திலும் கறை இருந்தால் குண்டு மறுபுறம் வெளியேறியிருக்கிறது என்று பொருள். தரையில் விழுந்த சொட்டு ஒரு பக்கம் வால்போல் நீண்டிருந்தால், அந்த வால் நீண்ட திசையில் ஓடியிருக்கிறது. சில இலைகளில் இயற்கையாகவே செம்புள்ளிகள் உண்டு. சந்தேகம் வந்தால் ஈரத் தாளால் துடைத்துப் பாருங்கள், இரத்தமானால் ஒட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்தால் இரத்தம் நுரைக்கும். ஈக்கள் மொய்ப்பதையும் கவனியுங்கள். நம் கண் தவறவிட்டதை அவை காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு கறைக்கும் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளைத் தொங்கவிடுங்கள். இருபது முப்பது துண்டுகள் ஆனதும் திரும்பிப் பார்த்தால், மான் போன திசை கோடு போட்டதுபோல் தெரியும். தடம் அறுந்தால் கடைசிக் கறையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி வட்டமாகத் தேடி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். அடிபட்ட மான் எப்போதும் சரிவில்தான் இறங்கும், நேராகத்தான் போகும் என்றெல்லாம் நம்பிவிடாதீர்கள். வந்த வழியே திரும்பிப் போவதும், படுப்பதற்கு முன் சட்டென்று பக்கவாட்டில் விலகுவதும் சாதாரணம். குடலில் அடிபட்டது தண்ணீரை நாடிப் போவதுண்டு என்பதால் ஓடைக்கரையையும் குளக்கரையையும் விடாமல் பாருங்கள்.

இப்போது உங்கள் மானுக்கு வருகிறேன். இரத்தம் இல்லாத தடத்தில் மனிதக் கண்ணைவிட நாயின் மூக்கு பல மடங்கு மேல். மானின் குளம்பு இடுக்குகளில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பழகிய நாய் இரத்தம் இல்லாவிட்டாலும் அந்த வாசனையை விடாமல் பின்தொடரும், மறுநாளும்கூட. ஹானோவர் மோப்ப நாய், பவேரிய மலை நாய் ஆகிய இனங்களை ஜெர்மனியில் இதற்காகவே வளர்த்தெடுத்தார்கள். நார்வேயில் மான் வேட்டைக்குப் போகிறவருக்குப் பயிற்சி பெற்ற நாய் ஒன்றின் உதவி கிடைக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பகுதியில் வாரில் கட்டிய நாயைக் கொண்டு தேட அனுமதி உண்டா என்று வேட்டை உரிமம் தரும் அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி இருந்தால் இன்றே ஒருவரை அழையுங்கள். மான் எல்லை தாண்டியிருந்தால், அந்த நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

கண்டுபிடித்தால் பின்புறமாக நெருங்குங்கள். கண் மூடியிருந்தால் பெரும்பாலும் இன்னும் உயிர் இருக்கிறது. செத்த மானின் கண் திறந்தே இருக்கும். நீண்ட குச்சியால் விழியைத் தொட்டுப் பாருங்கள், இமை அசைந்தால் விலகி நின்று இன்னொரு குண்டில் முடித்துவிடுங்கள். கொம்பாலும் குளம்பாலும் அந்த நிலையிலும் அது உங்களைக் கிழித்துவிடும். இறைச்சி கெட்டிருக்கலாம். நேற்றிரவு வெப்பமாக இருந்திருந்தால் நிச்சயம் கெட்டிருக்கும். அதற்காகத் தேடாமல் இருந்துவிடாதீர்கள். சுட்டவர் நீங்கள், அந்த மான் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டியவரும் நீங்கள்தான்.

நாய் வரும்வரை நீங்களோ நண்பர்களோ அந்தப் பக்கம் மறுபடியும் நடக்க வேண்டாம். உங்கள் காலணியில் ஒட்டும் இரத்த வாசனை நாலா பக்கமும் பரவி, நாயைக் குழப்பிவிடும். சுட்ட இடம், மான் படுத்திருந்த இடம், கடைசியாக ஓடிய திசை ஆகிய மூன்றையும் இப்போதே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, நாயோடு வருபவரிடம் கொடுங்கள்.