பாட்டைக் காப்பது பாட்டியா, பெட்டகமா?

நடுவர் அவர்களே, ஆனைகட்டி மக்களே, வணக்கம். மலைமக்களின் கலையைக் காப்பது அவர்கள் வீட்டுப் பெண்களா, அரசின் காப்பகங்களா என்பதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் ஊட்டி முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம், கோழிக்கோட்டில் கேரள அரசின் பழங்குடி ஆய்வு நிறுவனமான கிர்டாட்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போனார். இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கண்ணாடிக்குள் இருக்கிற பொருளை எப்படிச் செய்வது என்று கேட்டால், பக்கத்தில் ஒட்டிய அட்டை பதில் சொல்லாதே அண்ணே!

நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையைப் பாருங்கள். வெள்ளைத் துணியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அதில் சிவப்பும் கறுப்புமாக ஓடுகிற தையல் முழுக்கப் பெண்கள் கைவேலை. பென்சில் கோடுகூட இழுப்பதில்லை, ஊசி போகப் போக இழையை எண்ணிக்கொண்டே போவார்கள், எண்ணிக்கை பிசகினால் வரிசையே கோணிவிடும். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அம்மாவும் பாட்டியும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து வந்ததால்தான் சான்றிதழ் கொடுக்கவாவது ஒரு பொருள் மிஞ்சியிருந்தது.

சரி, செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் போவோம். அட்டப்பாடி நஞ்சியம்மா, இருளர் பழங்குடி, ஆடுமாடு மேய்த்தவர். 2020-இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் தானே கட்டிய பாட்டைப் பாடினார். 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது அறிவித்தார்கள். சுருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கு விருதா என்று இசை உலகத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். (ஆடு மேய்க்கப் போகிறவர் சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டா போவார்?) விருது கொடுத்தது அரசுதானே என்கிறது எதிரணி. கொடுத்தது, ஆனால் பாட்டைக் கொடுத்தது யார்?

இருள மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் தமிழ். 1951 வாக்கில் அட்டப்பாடியில் பழங்குடிகள்தான் பெரும்பான்மை. வெளியிலிருந்து குடியேறியவர்கள் பெருகிப் பெருகி இன்று பழங்குடிகள் சிறுபான்மை. சந்தை, பஸ், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அடுத்தவர் மொழியில்தான் வாயைத் திறக்க வேண்டும் என்கிற பிள்ளைக்குச் சொந்த மொழி காதில் விழுகிற இடம் வீடும், ராத்திரி பாட்டி சொல்கிற கதையும்தான்.

கொகல் என்கிற குழலை ஊதுவதும் பொறை என்கிற மேளத்தை அடிப்பதும் ஆண்கள்தானே என்றார் இன்னொரு நண்பர். உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் கல்யாணமோ சாவோ, அந்த வாசிப்புக்கு வட்டம் கட்டி ஆடுவதில் பெண்களும் உண்டு, பிள்ளைகளை வட்டத்துக்குள் இழுத்துவிடுவதும் அவர்களே. இன்று காலை இதே பந்தலில் பார்த்தோமே, ஒரு சின்னப் பெண் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய்விட்டாள். பின்னால் வந்த பாட்டி தன் ஆட்டத்தை நிறுத்தாமலே அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அடுத்த சுற்றில் அவளாகவே திரும்பினாள்.

அப்புறம், காசு விஷயம். இந்தப் பெண்களை மேடைக்குக் கூப்பிடுகிறோம், சால்வை போர்த்துகிறோம், பஸ் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். காப்பகத்துக்கு இன்னொரு மாடி கட்டுவதற்கு முன்னால், வாரத்தில் ஒரு பீரியடாவது அவர்களை உள்ளூர்ப் பள்ளிக்கு வாத்தியாராகக் கூப்பிட்டு, மற்ற வாத்தியார்களுக்குப் போல மாதாமாதம் சம்பளம் போடட்டும். இதற்கு எதிரணி தலையாட்டினால் என் கட்சிக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள் நடுவரே. மணி அடிக்கிறீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன்.