நிறுத்தத் தெரிந்த கை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சிலம்பம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால், தற்காப்புக் கலையில் உள்ள ஒழுக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்கரையை ஒட்டித்தான் வாத்தியாரின் களம். ஆறு மாதம் கம்பு சுற்றியிருப்பேன், அதற்குள் வாய்க்கால் கரையில் ஒரு சண்டை. கூடப் படிக்கிற பையன் சட்டையைப் பிடித்தான். கையில் இருந்த கம்பால் முழங்காலில் ஒரு போடு போட்டுவிட்டேன். ராத்திரிக்குள் சேதி வாத்தியாருக்குப் போய்விட்டது. மறுநாள் போனதும் அவர் திட்டவில்லை.

"அவன் கையில கம்பு இருந்துச்சாடா?"

"இல்ல, வாத்தியாரே."

அவ்வளவுதான். என் கம்பை வாங்கிச் சுவரில் சாத்தினார். மூன்று மாதம் களத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பதுதான் எனக்கு வேலை.

கூட்டி முடித்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் பெரிய பையன்களின் கை கண்ணில் பட்டது. கம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு வரும், எதிராளியின் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நிற்கும். நன்றாக விளைந்த மூங்கில், வேகம் பிடித்துவிட்டால் லேசில் நிற்காது. மணிக்கட்டு, இடுப்பு, பின்னங்கால் மூன்றும் சேர்ந்து பிடித்தால்தான் நிற்கும். கோபத்தில் இருப்பவனுக்கு இது வராது. மூச்சு முந்திவிடும், கால் தடுமாறும், கம்பு போய் விழுந்துவிடும். களத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, கீழே கிடக்கும் கம்பைத் தாண்டாமல் குனிந்து எடுப்பது, கம்பைக் கண்ணில் காட்டாமல் மாதக்கணக்கில் காலடி மட்டும் போட வைப்பது எல்லாம் எதற்கு என்று எனக்கு அந்த ஓரத்தில் உட்கார்ந்துதான் விளங்கியது. பையனின் அவசரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிற வேலை அது.

சிலம்பத்தில் தொடுமுறை என்று ஒரு போட்டி உண்டு. எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. ஓங்கி அடித்துச் சாய்க்கிறவனுக்கு அதில் பெருமை கிடையாது.

வித்தையோடு ஒழுக்கமும் வேண்டும் என்பது மதுரைக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. ஆவணி மூலத் திருவிழாவில், பாணனுக்கு அங்கம் வெட்டிய லீலை நடக்கிறதே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வயதான வாள் வாத்தியார் ஒருவர். அவரிடம் பயின்ற சித்தன் என்பவன், லீலையின் பெயரில் வரும் பாணன் இவன்தான், போட்டிக்குத் தனிப் பள்ளி வைத்து, அவர் பிழைப்பில் கை வைக்கிறான். பிறகு வாத்தியார் இல்லாத நேரம் பார்த்து அவர் மனைவியிடமே தவறாக நடக்கிறான். அந்த அம்மா சொக்கநாதரிடம் முறையிட, அவரே கிழ வாத்தியார் உருவத்தில் வந்து சித்தனோடு வாள் போர் செய்து, தவறு செய்த உறுப்புகளை வெட்டுகிறார். அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் இருபத்தேழாவது இது. சித்தனுக்கு வித்தை முழுசாக வந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். எனக்கு அந்தக் கதையில் பயம் தருவதே அந்த இடம்தான். ஒருவனுக்கு வாள் வீச்சைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அவன் நடத்தையிலும் பொறுப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இன்று நம் ஊர் மொட்டை மாடிகளில் கராத்தே படிக்கிற பிள்ளைகளும் குனிந்து வணங்கிவிட்டுத்தானே தொடங்குகிறார்கள்? இன்றைய ஜப்பானின் ஒகினாவாத் தீவில் 1868-ல் பிறந்த கிச்சின் ஃபுனகோஷி கராத்தேக்கு இருபது நெறிகள் வகுத்தார். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கடல் கடந்த ஊரிலும் அதே பேச்சு.

2021-ல் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழக அரசு சேர்த்தது. மனசு நிறைந்த சந்தோஷம் எனக்கு. ஆனால் முதல் நாளே, "சர்டிபிகேட் எப்ப சார் கிடைக்கும்?" என்று கேட்கிற பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஆறு மாதம் பொறுங்கள். பிள்ளை வீட்டில் தம்பி தங்கையிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் போட்டியைப் பற்றிப் பேசுவோம்.

என் மூன்று மாதம் முடிந்த அன்று வாத்தியார் கம்பைத் தரவில்லை. "முதல்ல அவன் வீட்டுக்குப் போயிட்டு வா" என்றார். போனேன். அந்தப் பையனின் அம்மா திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர்களே உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். பையன் கால்சட்டைக்குக் கீழே முழங்காலைக் காட்டினான். காயம் ஆறி, தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் களத்துக்குத் திரும்பினேன். சுவரோரம் என் கம்புக்கு யாரோ எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள்.

வணக்கம்.