பல்கலைக்கழகக் கதவை எப்போது தட்டுவது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கடை நடத்துவோர் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அதனால் இன்று பல்கலைக்கழகங்களின் பெருமை பாடப்போவதில்லை. அவற்றிடமிருந்து உங்களுக்கு வரவேண்டியதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் பேச்சு.

கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி எழுந்தபோது, டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்கள் திரட்டிக் கொடுத்த தொகை 87,077 வெள்ளி. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். 1950களில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு டிரைஷா ஓட்டிகள் தங்கள் வருமானத்தைக் கொடுத்தார்கள். அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். சாதாரண மக்களின் காசு அது. கட்டடத்தில் நம் பங்கும் இருக்கிறது.

வளாகத்தால் வட்டாரத்துக்கு எவ்வளவு வருமானம் என்று பெரிய தொகைகள் அவ்வப்போது அறிக்கைகளில் வரும். அவற்றைப் பாதி நம்பிக்கையோடு படியுங்கள். உள்ளூர் மாணவர் வளாகத்துக்கு அருகே சாப்பிடாவிட்டால் வீட்டருகே சாப்பிட்டிருப்பார். அது புதுப் பணமன்று, இடம் மாறிய பணம். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் வாடகையும் சாப்பாட்டுச் செலவும்தான் புது வரவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் தொகை ஊதிவிடும்.

சிறு வியாபாரிக்குக் கிடைக்கும் உண்மையான பலன் மாணவர் கைகளும் ஆய்வுக்கூடமும். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் தங்கள் படிப்புக்கேற்ப 8 முதல் 12 மாதம் நிறுவனங்களில் வேலை செய்தபடி கற்கிறார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் பாடத்தின் பகுதியாக மாணவர் ஒரு பருவத்தில் செய்து தரும் திட்டப்பணிதான். தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்குக் கற்பித்தல் 13 வாரம். அந்த 13 வாரத்துக்குள் அடங்காத வேலையைக் கொடுப்பதுதான் நாம் செய்யும் முதல் பிழை.

சாம்பார் விழுது தயாரிப்பவர் ஒருவர், “ஆறு மாதம் கெடாமல் இருக்குமா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் தாங்குமா என்று அறிய ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சூட்டைக் கூட்டி வைத்து விரைவாகச் சோதிக்கலாம். ஆனால் தேங்காய் எண்ணெய் சேர்ந்த பண்டத்தில் காறல் வாடை எப்போது வரும் என்பதை அந்த முறை சரியாகக் காட்டாமல் போகலாம். பருவத்துக்குள் முடிவது எது? விழுதின் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருக்கிறதா, நுண்ணுயிர் வளர எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்ற இரண்டையும் அளப்பது. அதைக் கேளுங்கள். இன்னொன்று, எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகத்துக்கே ஓட வேண்டாம். உணவு என்றால் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் உணவுப் புத்தாக்க வள நிலையத்தை முதலில் கேளுங்கள்.

அடுத்தது விற்பனைக் கணக்கு. “எந்த மாதம் எவ்வளவு சரக்கு எடுக்கலாம் என்று கணித்துக் கொடுங்கள்” என்று ஓரிரு வருடக் கணக்கை நீட்டுகிறோம். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. நம் நாள்காட்டி தெரியாத மாணவர் மாதவாரியாக ஒப்பிட்டால், 2024 நவம்பரில் வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதிவிடுவார். அவர்மேல் தவறில்லை, நாம் சொல்லவில்லை. குறைந்தது மூன்று வருடக் கணக்கு கொடுங்கள். தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று தேதிகளை எண்ணச் சொல்லுங்கள். பொங்கலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண்களை அழித்துவிட்டே கொடுக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடைக்காரர் மறக்கக்கூடாது.

புதுக் கருவி, புதுச் செய்முறை என்றால் இன்னும் கவனம் வேண்டும். மாணவர் அதைக் கண்காட்சிப் பதாகையில் போட்ட நாளே உலகுக்கு வெளியிட்டதாகிவிடும். பிறகு பல நாடுகளில் காப்புரிமை கிடைக்காது. விண்ணப்பம் முதலில், பதாகை பிறகு. முடிவு யாருக்குச் சொந்தம் என்பதையும் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக இளநிலை மாணவர் பட்டம் பெற 80 மணி நேரம் சமூக சேவை செய்தாக வேண்டும். அந்தப் பிள்ளைகளை நாற்காலி அடுக்கக் கூப்பிடுகிறோம்! பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து பதியவும், அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸை முதியவர்களுக்குக் கைத்தொலைபேசியில் சொல்லித்தரவும் கேட்டால் என்ன? பல்கலைக்கழகத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேரம். ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் மாணவருக்கு நீங்கள் மிகவும் தேவைப்படுவது அக்டோபரும் நவம்பரும். உங்களுக்கோ அப்போது தீபாவளிக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அவர் கேள்வியோடு நிற்பார், நீங்கள் “நாளைக்கு வாப்பா” என்பீர்கள். சேலைக்கடை, பலகாரக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்கள் ஜனவரிப் பருவத்தையே கேளுங்கள். அதற்கு அந்தப் பாடத்தின் ஆசிரியரைச் செப்டம்பரிலேயே பார்த்துவிட வேண்டும். டிசம்பரில் போனால் அவர் திட்டங்களைப் பங்கிட்டு முடித்திருப்பார்.