முதல் பைப்பும் முதல் புகையிலையும்

நேயர்களுக்கு வணக்கம். பைப் பிடிக்கத் தொடங்கும் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு வாங்கலாம்?" என்றுதான். பிராண்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பைப்பின் துளை சரியான இடத்தில் இருக்கிறதா, புகையிலையில் ஈரம் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாக்கு வெந்துபோய், "இது நமக்கு ஒத்துவராது" என்று பைப்பை மூலையில் போட்டுவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டவர்கள்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்து ருசித்து வெளியே விட்டுவிடுகிறோம், அதனால் ஆபத்து இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பைப் பைப்பும் கூட்டுகிறது. நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். அதற்கு அடிமையாகவும் நேரலாம். சிகரெட்டை விட்டுவிட்டு பைப்புக்கு வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் இந்தப் புகையையும் உள்ளே இழுப்பார்கள். அது இன்னும் மோசம். புகைக்காத ஒருவர் இதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அடுத்தவர் இருக்கும் அறையில் பற்றவைக்கவும் வேண்டாம். இதெல்லாம் தெரிந்தே முடிவெடுத்த பெரியவர்களுக்குத்தான் இனி நான் சொல்லப்போவது.

சரி, பைப்புக்கு வருவோம். நல்ல பைப் என்றால் பிரையர் என்பார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற குத்துமரத்தின் அடிக்கட்டை அது. வேருக்கும் தண்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் உருண்டு திரண்டு வளரும் முண்டு. நெருப்பை வைத்தாலும் லேசில் பற்றாது, ஈரத்தை உறிஞ்சும், இறுகிய மரம். முண்டை வெட்டித் துண்டுகளாக்கி, சாறு இறங்கும்வரை பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் நிழலில் உலரவிட்ட பிறகே கடைசலுக்கு எடுப்பார்கள். பிரான்சின் ஜுரா மலைப்பகுதியில் உள்ள செயிண்ட்-க்ளோட் என்ற ஊர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. வேகவைப்பதும் உலர்த்துவதும் அரைகுறையாக இருந்தால், முதல் சில நாட்கள் புகையில் ஒரு கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். மலிவான பிரையரில் இதுதான் சிக்கல். மரத்தில் இருந்த குழிகளை நிரப்புப் பசை வைத்து அடைத்து, மேலே கனமாக வார்னிஷ் பூசியிருப்பார்கள். பளபளப்பில் எதுவும் தெரியாது.

அதனால் முதல் பைப்புக்கு என் தேர்வு மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டில் செய்த பைப். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற ஊரில் ஹென்றி டிப்பி என்ற மரக்கடைசல்காரர் 1869இல் தொடங்கிய தொழில். 1878இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மிசௌரி மீர்ஷாம் என்ற பெயரில் அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. லேசான பைப், விலையும் குறைவு. முதல் நாளே கசப்பில்லாமல் புகையும். பழக்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. பார்க்க எடுப்பாக இருக்காது என்பதுதான் ஒரே குறை. என் கணக்கில் அது குறையே இல்லை. உண்மையான மீர்ஷாம் என்பது ஒரு வெள்ளைக் கல்; அதில் செதுக்கிய பைப் அழகுதான், ஆனால் கீழே விழுந்தால் போச்சு. களிமண் பைப் கையைச் சுடும். இரண்டும் அப்புறம்.

பிரையர்தான் வேண்டும் என்றால், கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். பைப் க்ளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றை வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுங்கள். எங்கும் முட்டாமல், கிண்ணத்தின், அதாவது புகையிலை நிரப்பும் குழியின், அடித்தளத்தை ஒட்டி அதன் நுனி வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். துளை அடித்தளத்துக்கு மேலே ஏறியிருந்தால் கீழே தங்கும் புகையிலை எரியாது. ஈரம் அங்கேயே தேங்கி, கடைசி வரை களகளவென்று சத்தம் போடும். அப்புறம் கிண்ணத்தின் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். உள்விட்டம் 19, 20 மில்லிமீட்டர் இருந்தால் எந்தப் புகையிலைக்கும் பொருந்தும். வளைந்ததா, நேரானதா என்பது உங்கள் பல்லுக்கு எது சுகமோ அதைப் பொறுத்தது. வாய்ப்பகுதி எபோனைட் என்ற கெட்டி ரப்பர் என்றால் பல்லுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் வெயில் பட்டால் பச்சையாகப் பூத்துவிடும். அக்ரிலிக் பிளாஸ்டிக் நிறம் மாறாது, கொஞ்சம் கடினம்.

இனி புகையிலை. புதியவர்கள் வாசனையை மோந்துபார்த்து, வெனிலாவோ செர்ரியோ மணக்கும் டப்பாவைத் தூக்கிக்கொள்கிறார்கள். டப்பாவில் மணப்பது புகையில் அப்படியே வராது. அத்துடன், வாசனை சேர்த்த கலவைகள் பல ஈரமாகவே இருக்கும். காய்ந்துவிடாமலிருக்க ப்ரொப்பிலீன் க்ளைக்கால் சேர்ப்பதும் உண்டு. ஈரப் புகையிலை அணைந்து அணைந்து போகும். விடாமல் இழுப்போம். இழுக்க இழுக்க நெருப்பு சூடேறும், ஆவி கிளம்பும், அந்த ஆவி நாக்கைச் சுட்டுவிடும்.

வர்ஜீனியா என்ற வகைப் புகையிலை இலையில் இயல்பாகவே சர்க்கரை அதிகம். இனிப்பாக இருக்கும், ஆனால் சூடாக எரியும். வேகமாக இழுப்பவரின் நாக்கைக் கடிக்கும். பர்லி என்ற இன்னொரு வகை, காற்றில் உலர்த்திய இலை, சர்க்கரை மிகக் குறைவு, கொட்டைப் பருப்பின் சுவை. தொடங்குகிறவருக்குப் பர்லியை அடிப்படையாகக் கொண்ட, வாசனை அதிகம் ஏற்றாத கலவையே நல்லது என்பது என் கருத்து. ஆனால் பர்லியில் நிக்கோடின் கூடுதலாக இருக்கலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். விறகுப் புகையில் உலர்த்திய லத்தாகியா, அமெரிக்காவின் லூசியானாவில் பீப்பாய்களுக்குள் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரிக் ஆகியவை கலவைக்குக் காரம் கூட்டும் இலைகள். அவை முதல் டப்பாவில் வேண்டாம். வெட்டும் முக்கியம். நீள இழைகளாக வெட்டியதை வாங்கினால் அப்படியே நிரப்பலாம். பாளமாக அழுத்தியதைப் பிரித்து உதிர்க்க வேண்டும்.

டப்பாவைத் திறந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து இரு விரலுக்கிடையில் அழுத்தி விடுங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. மெல்ல விரிந்து கொடுத்தால் சரியான பதம். ஈரமாக இருந்தால் ஒரு காகிதத்தில் பரப்பி அரைமணி நேரம் விடுங்கள், திரும்ப அழுத்திப் பாருங்கள்.

நிரப்பும்போது அடியில் தளர்வாக உதிர விட்டு, மேலே போகப் போகக் கொஞ்சம் அழுத்துங்கள். பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்தால், ஸ்ட்ராவில் பழச்சாறு உறிஞ்சும்போது இருக்கும் அளவு லேசான தடைதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இறுகினால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். குச்சியால் குத்திச் சரிசெய்ய முடியாது. தீக்குச்சி உரசினால் மருந்து எரிந்து தீரும்வரை பொறுங்கள். முதல் தீயில் புகையிலை பொங்கி எழும்பும். அதை டாம்பர் என்கிற அமுக்கியால் மெதுவாகச் சமப்படுத்தி, மறுபடி பற்றவையுங்கள். இரண்டாவது தீதான் நின்று எரியும். ஜெட் லைட்டர் கிண்ணத்தின் விளிம்பைக் கரித்துவிடும், அது வேண்டாம்.

இழுப்பது, புகை வருகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக இருக்கட்டும். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்திருக்க முடியாத சூடு வந்தால் கீழே வைத்துவிடுங்கள். நடுவில் அணைந்தால் ஒன்றும் குறையில்லை, மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் சாம்பலைக் கொட்டி, பைப் க்ளீனரை உள்ளே விட்டு ஈரத்தை எடுங்கள். பைப் ஆறும் முன்பு வாய்ப்பகுதியைத் திருகிக் கழற்றாதீர்கள். உள்ளே நுழைந்திருக்கும் முனை முறிந்துவிடும். மறுநாள் வரை அந்தப் பைப்பைத் தொடாமல் உலர விடுங்கள். வணக்கம்.